அருள்பொடியும் அடங்காத கிருமியும்

பொடி மகானின் வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றுவிடும். தும்மலா? ஒரு சிட்டிகை. முதுகுவலியா? ஒரு சிட்டிகை. மாமியாரோடு சண்டையா? மாமியாருக்கு ஒரு சிட்டிகை. தபால்தலை அளவுப் பொட்டலத்துக்குள் பிரபஞ்ச சக்தியையே மடித்து வைத்த அந்த மகான், தனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் டாக்டரிடம் போவார். அது உலக நன்மைக்காகவாம்!

ஒரு பஸ் டிரைவரும் ஐந்து வருடமாக அந்தப் பொடியைத் தின்றவர்தான். குடலிறக்க ஆபரேஷன் செய்த புண்ணில் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழாயோடு கிடந்தார். மாற்றி மாற்றி மருந்து ஏற்றியும் கிருமி அசையவில்லை. டாக்டர்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மருந்து.

அவர் மனைவி பொட்டலத்தோடு ஆஸ்பத்திரி லேபுக்கு ஓடி வந்தார்.

"மூக்குக் குழாய்ல இதைக் கரைச்சு விடச் சொல்லுங்கக்கா. நர்ஸ் மாட்டேங்குறாங்க."

லேப் அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "முதல்ல கிருமிக்குக் குடுத்துப் பாப்போம்மா. நாளைக்கு உங்க மகானையும் கூட்டிட்டு வா."

மகான் வந்தார், நாற்பது பக்தர்களோடு. ஐ.சி.யூ. வாசல் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மூடியை டேப் போட்டு ஒட்டிய ஒரு கண்ணாடித் தட்டை லேப் அக்கா காட்டினார். சாதாரணக் கிருமியை வளர்த்த தட்டு. பொடி வைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக வெறிச்சோடிக் கிடந்தது.

"பாத்தீங்களா! கிருமியே பயந்து ஓடுது!" கூட்டம் ஆர்ப்பரித்தது.

அக்கா இரண்டாவது தட்டை நீட்டினார். "இது டிரைவர் ரத்தத்துல இருந்து எடுத்த கிருமி." அது பொடியின் விளிம்பு வரை கொழுத்து வளர்ந்திருந்தது. "இது ஏன் ஓடலை?"

மகான் கண்ணை மூடினார். "பக்தி குறைவு."

"யாருக்கு? கிருமிக்கா?"

யாரோ சிரித்துவிட்டார்கள்.

"முதல் தட்டுல அதே அளவுல இன்னொரு வட்டம் இருக்கு பாருங்க. பொடியோட வாடையில சந்தேகப்பட்டு, மருந்துக்கடை கேப்சூலைப் பிரிச்சு நான் வெச்சது அது. அதைத்தானே மடிச்சுக் குடுக்குறீங்க? போலீஸ்ல குடுத்துப் பாக்கச் சொல்லட்டுமா?"

மகானுக்கு வியர்த்துக் கொட்டியது. "மருந்துதாம்மா... ஆனா மந்திரிச்சுத்தான் குடுத்தேன்!"

"தும்மலுக்கெல்லாம் சிட்டிகை சிட்டிகையாக் குடுத்தா கிருமி முழுசாச் சாகாது. தப்பிச்சது அப்புறம் அந்த மருந்துக்கு அசையாது. அப்படித் தப்பிச்சதுதான் உள்ள ஒரு மனுஷனைத் தின்னுட்டிருக்கு."

மனைவி மகானின் சட்டையைப் பிடித்தார். "அஞ்சு வருஷம் என் கையால ஊட்டினேனே, பாவி!"

சட்டைப் பொத்தானை அவர் கையில் விட்டுவிட்டு மகான் கம்பி நீட்டினார். அப்போது பக்தர் ஒருவர் நைசாக லேப் அக்காவிடம் வந்தார். "அந்தக் கேப்சூல் பேரு என்னம்மா? இனிமே சளிக்கு நானே வாங்கிப் போட்டுக்கிறேன்."

கடைசி மருந்தும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் இறந்துபோனார்.

மகான் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் இல்லை. பேர் கேட்ட அந்தப் புத்திசாலி மேல்தான். மூளையே இல்லாத கிருமி, வாங்கிய அடியிலிருந்து பிழைக்கக் கற்றுக்கொண்டது. மூளை உள்ள நாம் இன்னும் எத்தனை பேரைப் புதைத்த பிறகு யோசிக்கப் போகிறோம்?