பெரியப்பா, மகேந்திரராஜாவின் அந்தியேட்டிக்கு வரவேண்டாம்

பீலெஃபெல்ட், ஜேர்மனி,
ஞாயிற்றுக்கிழமை பகல், மழை 3 மி.மீ.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சிவராம் பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி தபோதரனின் மகள் சுபானி பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அப்பாவும் சுகம், முழங்கால் தவிர. அங்கே நீங்களும், தோட்டத்து மழைமானியும், மேசையில் துண்டுகள் பாதி பொருத்தியபடி நிற்கும் பசில் படமும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். கடிதம் எப்படித் தொடங்குவது என்று தமிழ்ப் பள்ளியில் ஜசிந்தா ரீச்சர் படிப்பித்தது இவ்வளவுதான். இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று அவர் படிப்பிக்கவில்லை.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சனி அல்ல, அடுத்த சனி, ஹம் நகரில் மகேந்திரராஜா அவர்களின் அந்தியேட்டிக்கு நீங்கள் வரவேண்டாம். அப்படி ஒரு முப்பத்தோராம் நாள் நடக்கப்போவதில்லை, ஏனென்றால் அவர் இறக்கவில்லை. உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள் பெரியப்பா, அவர் பிறக்கவும் இல்லை. மகேந்திரராஜா நான்தான். இதை உங்கள் வலைப்பூவில் பின்னூட்டமாகப் போட்டால் அதையும் யார் எழுதியது என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். கையெழுத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், அதனால்தான் கடிதம்.

உங்கள் வலைப்பூவைப் பத்து வயதிலிருந்து வாசிக்கிறேன். முதலில் தமிழ் பழகுவதற்காக அப்பா வாசிக்கச் சொன்னார், பிறகு யாரும் சொல்லாமலே வாசித்தேன். நீங்கள் ஓட்டிய இருபத்திரண்டாம் இலக்க பஸ்ஸில் ஒரு கிழவி தினமும் ஏறி, ஒரே ஒரு தரிப்பு மட்டும் போய் இறங்கி, உங்களுக்கு ஒரு பிஸ்கட் தந்த கதையை ஏழு தடவை வாசித்திருக்கிறேன். பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடையில் வாங்கும் ஆயிரம் துண்டுப் பசில்களில் எந்தத் துண்டு தொலைந்திருக்கிறது என்று நீங்கள் வைத்திருக்கும் பட்டியல், குப்பை வாளியின் மூடி நிறத்தை நகரசபை மாற்றியதற்கு நீங்கள் எழுதிய நான்கு பகுதிகள், இங்கிலாந்தில் நாற்பது வருடம் இருந்ததால் யாராவது உங்கள் காலை மிதித்தாலும் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்ற ஆராய்ச்சி, எல்லாம் எனக்குப் பாடம். மழையளவுக் கொப்பி பற்றி நீங்கள் எழுதியதை என் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்: பிழையான அளவை அழிக்கக் கூடாது, அதன் மேல் ஒரேயொரு கோடு கீறவேண்டும், கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், சரியானதைப் பக்கத்தில் எழுதவேண்டும்.

ஒவ்வொரு நாளும் நீங்கள் எழுதி முடித்துக் கால் மணித்தியாலத்தில் ஒரே ஒரு பின்னூட்டம் வரும். எழுதுவது பவளம் பெரியம்மா. நீங்கள் மேல்மாடியில், அவர் கீழே குசினியில். "வாசிச்சிட்டன். தேத்தண்ணி ஆறுது, இறங்கி வாங்கோ." பதினெட்டு வருடமும் அதே வசனம். பெரியம்மா உண்மையிலேயே வாசித்தாரா, தேத்தண்ணிக்காக எழுதினாரா என்று நீங்களே ஒருமுறை பகிடியாகக் கேட்டிருந்தீர்கள். அதற்குக் கீழேயும் அதையே எழுதியிருந்தார்.

நவம்பரில் பெரியம்மா போனபோது நாங்கள் வரவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அப்பாவுக்கு ஒரு தடவைகூடத் தொலைபேசி எடுக்கவும் இல்லை. அப்பா கோபமில்லை என்கிறார், ஆனால் தொலைபேசி அடித்தால் முழங்காலையும் மறந்து எழும்புகிறார். அதற்கு முதல் நாள்தான் அவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்திருந்தது பெரியப்பா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கைத்தொலைபேசியை இரண்டு தலையணைக்கு நடுவில் நிறுத்தி, செத்தவீட்டை நேரலையில் பார்த்தோம். பக்கத்துக் கட்டில் ஜேர்மன்காரர் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர், என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தி, போர்வைக்கு மேல் கைகளைக் கோத்துக்கொண்டார். கடைசியில் தகன மண்டபத்தில் பெட்டியை மறைக்கும் திரை மூடத் தொடங்கியபோது படம் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் ஒரு கையில் தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நிற்கிறீர்கள், திரை பாதி மூடியிருக்கிறது. மிச்சத்தை நாங்கள் இன்றுவரை பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை. அன்று வலைப்பூவில் "மழை 4 மி.மீ." என்று மட்டும் இருந்தது. பிறகு தினமும் அளவு மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், "வாசிக்க ஆள் இல்லை. புதுவருடத்தோடு நிறுத்தலாம் என்றிருக்கிறேன்" என்று எழுதினீர்கள். நான் வாசிக்கிறேன் என்று எழுத விரல் வைத்தேன். ஆனால் நீங்கள்தானே முன்பு எழுதினீர்கள், சொந்தக்காரர் வாசிப்பது வாசிப்பல்ல, கடமை என்று! ஆகையால் ஹம் நகரில் வேலையிலிருந்து இளைப்பாறிய, எழுபத்தொரு வயதான, எங்களுக்குச் சொந்தமில்லாத மகேந்திரராஜா அவர்கள் பிறந்தார். "ஐயா, நான்கு மில்லிமீற்றர் என்பது தூறலா, மழையா?" என்று கேட்டார். அடுத்த நாள் நீங்கள் ஒன்பது வகைத் தூறல் பற்றி மூன்று பக்கம் எழுதினீர்கள். நான் பஸ்ஸில் அதை வாசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் என் கையை மீறிவிட்டது. மகேந்திரராஜா எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டீர்கள். அப்பாவிடம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பெயர் விசாரித்து ஒன்றைச் சொன்னேன், அது உங்களுடைய பள்ளிக்கூடம். எந்த ஆண்டு, கிரிக்கெட் அணியில் யார் விக்கெற் காத்தது என்று கேட்டீர்கள். "நான் படிப்பிலேயே கவனமாக இருந்துவிட்டேன்" என்று எழுதினேன். "அப்ப உம்மைத் தெரியாமல் போனதில் வியப்பில்லை" என்றீர்கள். கணிதப் பரீட்சை வந்தபோது பதில் எழுத நேரமில்லாமல் அவருக்குக் காய்ச்சல் வரவைத்தேன், அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று மனைவி தேவமலர் வந்தார். நீங்கள் தேவமலருக்குக் கொத்தமல்லிக் குடிநீர் போடும் முறை எழுதினீர்கள். மகேந்திரராஜாவும் மழை அளந்து எழுதட்டும் என்றீர்கள், நான் எங்கள் பல்கனியில் ஜாம் போத்தல் வைத்தேன். ஒரு நாள் பதினொரு மில்லிமீற்றர் என்று பெருமையாக எழுத, அன்று ஹம்மில் ஒரு சொட்டும் பெய்யவில்லை என்று வானிலை அறிக்கையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மேல்வீட்டு யோசப்பின் அக்கா தன் பூச்சாடிக்கு ஊற்றிய தண்ணீர் அது. மகேந்திரராஜா பிழையை ஒப்புக்கொண்டு ஒரு கோடு கீறினார். "நேர்மையான மனுசன்" என்று எழுதினீர்கள்.

ஏப்ரல் கடைசியில், கோடையில் ஹம்மில் உள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வருவதாகவும், மகேந்திரராஜாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டும் என்றும் எழுதினீர்கள். நான் என் வகுப்புத் தோழி அன்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அன்னா அப்பிளைக் கடித்துக்கொண்டே, "அவரைச் சாகவிடு, செத்தவரைப் பார்க்க யாரும் பயணம் செய்வதில்லை" என்றாள். அவளுடைய தாத்தாவின் அடக்கத்துக்குப் பதினொரு பேர்தான் போனார்களாம், மற்றவர்களுக்குக் கறுப்புக் கரை போட்ட அட்டை ஒன்று அனுப்பினார்களாம். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நாங்கள் யார் என்பதை நான் மறந்துபோனேன் பெரியப்பா. உயிரோடு இருக்கும் தமிழரைப் பார்க்கத்தான் எங்களுக்கு லீவு கிடைக்காது.

அவர் இறந்துவிட்டதாகத் தேவமலர் பின்னூட்டத்தில் அறிவித்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, ஆறு மாதமாக அடிக்காத தொலைபேசி அடித்தது. அப்பா ஒலிபெருக்கியில் போட்டார்.

"தம்பி, நான் அண்ணை."

அப்பா எழும்பி நின்றார்.

"தம்பி, கேக்குதே? ஹம்மில மகேந்திரராஜா எண்டு ஒருத்தர், உனக்குத் தெரியுமோ? நேற்று மோசம் போயிட்டார்."

"தெரியேல்லை அண்ணை."

"பக்கத்து ஊரில இருந்துகொண்டு தெரியேல்லையோ? என்ன ஆக்களடா நீங்கள்! செத்தவீடு எங்கை, எந்த மண்டபம் எண்டு விசாரிச்சுச் சொல்லு."

"விசாரிக்கிறன் அண்ணை. அண்ணை, நீங்கள் எப்பிடி..."

நீங்கள் வைத்துவிட்டீர்கள். அப்பா அண்ணன் கேட்ட வேலை என்று ஹம்மில் தெரிந்த எல்லாருக்கும் எடுத்தார். யாருக்கும் தெரியவில்லை. ஒரு தமிழர் ஒருவருக்கும் தெரியாமல் செத்துப்போனார் என்று ஊரெல்லாம் வெட்கப்பட்டது. மூன்றாம் நாள் கடைக்கார ராசன் மாமா எடுத்தார். "ஓமோம், எனக்குத் தெரியும், உயரமான மனுசன், மூக்குக்கண்ணாடி. வெள்ளிக்கிழமையில முருங்கைக்காய் வாங்க வாறவர். ஒரு சொல்லு அதிகமாப் பேசமாட்டார், தங்கமான ஆள்." நான் குளியலறையில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். சிரிப்பா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுதுவது ராசன் மாமாவால் அல்ல. மகேந்திரராஜாவுக்கு நீங்கள் எழுதிய அஞ்சலியால். "பவளம் போன அன்று எனக்கு அழத் தெரியவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன், யாருக்குச் சீனி, யாருக்குச் சீனியில்லை என்று கவனமாக இருந்தேன். எல்லாரும் போனபிறகு பீங்கான்களைக் கழுவி அடுக்கினேன், அதோடு முடிந்துவிட்டது. நேற்று, முகம் தெரியாத ஒரு சிநேகிதனுக்காக, படியில் இருந்து அழுதேன். அழுகை யாருக்குரியது என்று அது என்னைக் கேட்கவில்லை. மழைமானியைப் பார்க்க மறந்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கொப்பியில் ஒரு நாள் வெறுமையாக இருக்கிறது."

இதை வாசித்த பிறகு மகேந்திரராஜாவாகவும் இருக்க முடியவில்லை, சுபானியாகவும் இருக்க முடியவில்லை. செத்தவீடு முடிந்துவிட்டது என்று தேவமலர் எழுதியதால் நீங்கள் அந்தியேட்டிக்கு வருகிறேன் என்றீர்கள். அங்கே கொடுக்க அவருடைய நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கப்போகிறீர்கள், அட்டைக்குப் படம் அனுப்பும்படி தேவமலரைக் கேட்கிறீர்கள், பஸ்ஸில் இங்கிலாந்திலிருந்து பதினாறு மணித்தியாலம் இருந்து வரப்போகிறீர்கள். வந்தால் அங்கே வீடும் இல்லை, விதவையும் இல்லை. ஒரு தடவை அழுதுவிட்டு ஏமாந்தவர் மறுபடி எழுதுவாரா? அதுதான் என் பயம். நீங்கள் என்னை ஏசலாம், அப்பாவிடம் சொல்லலாம். எழுதுவதை மட்டும் நிறுத்தவேண்டாம். அந்தியேட்டிக்கு வரவேண்டாம். நான் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை, கீழே ஒருவர் இருக்கிறார் என்று காட்டத்தான் நினைத்தேன்.

பெரியோரை வணங்கி முடிக்கவேண்டும் என்பது ரீச்சரின் விதி. ஆகவே தலை குனிந்து, உங்கள் மன்னிப்பையும் நாளைய மழையளவையும் எதிர்பார்த்து நிற்கும்,

சுபானி
(உங்கள் ஜேர்மன் வாசகர்கள் அனைவரும்)

பி.கு.: முத்திரை கேட்க அப்பாவிடம் போனேன். உறையை நான் இன்னும் ஒட்டியிருக்கவில்லை. அவர் குசினியில் நின்றபடியே முழுக்க வாசித்தார். "மகேந்திரராஜா எண்டது நீயோ?" என்றார். "ஓம் அப்பா" என்றேன். "ராசன் அவரைக் கண்டதெண்டெல்லோ சொன்னவன்" என்றார். பிறகு கதிரையை இழுத்து இருந்து, தேத்தண்ணித் தட்டம் வருகிற பக்கத்தை இன்னொரு முறை வாசித்தார்.

"இதை அனுப்பினால் அண்ணை வரமாட்டார்."

"அதுக்குத்தானே அப்பா எழுதினனான்."

"வரட்டும் பிள்ளை. நானும் இன்னும் அண்ணியின்ர செத்தவீட்டுக்குப் போகேல்லை."

அலுமாரியைத் திறந்து உங்கள் கலியாண அல்பத்தை எடுத்து, பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற படத்தைக் கழற்றினார். எத்தனை பேருக்குச் சமைக்கிறது என்று அம்மா கேட்டார். "மகேந்திரராஜாவுக்கு எத்தினை பேர் வர இருந்தவையோ, அத்தினை பேருக்கும்" என்றார் அப்பா. ராசன் மாமாவுக்கு விசயத்தை அவரே சொல்வாராம், முருங்கைக்காயையும் அவரிடமே வாங்குவாராம்.

ஆகவே மேலே "வரவேண்டாம்" என்று வரும் இடங்களில் எல்லாம் ஒரேயொரு கோடு கீறியிருக்கிறேன். கீழே இருப்பதை வாசிக்கலாம். சரியானது இது: வாங்கோ. இடம் ஹம் அல்ல, எங்கள் வீடு. கல்வெட்டு அட்டைக்குக் கேட்ட படம் அப்பாவிடம் இருக்கிறது. பஸ் வந்து நிற்கிற இடத்தில் அவர் நிற்பார், முழங்கால் விடாவிட்டால் நான் நிற்பேன். தேத்தண்ணி ஆறமுன் வந்து சேருங்கோ பெரியப்பா.