தலைமாட்டுச் செங்கல்

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தபோது ஏகநாதன் இன்னும் இருமிக்கொண்டுதான் இருந்தார். ஆறு மாத இருமல். வேறு ஊரில் இருமினால் "சளியா?" என்று கேட்பார்கள். தாம்பரம் பக்கம் இருமினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சானடோரியம் ஆஸ்பத்திரி இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

"டிபின்னு நெனைச்சிட்டாங்க," என்றாள் மனைவி தையல்நாயகி. "பொண்ணுக்கு இருபத்தஞ்சு முடியப் போவுது. பெத்த அப்பன் இருமியே அவ கல்யாணத்தைக் கெடுக்கறீங்க."

அன்றே வைத்தியத்தில் இறங்கினாள். காலையில் இஞ்சிச் சாறு, மத்தியானம் மிளகு ரசம், சாயங்காலம் சுக்கு காபி. வெறும் வயிற்றோடு படுத்தால் இருமல் அதிகமாகும் என்று, படுக்கப் போகுமுன் வயிறு முட்டச் சோறு வேறு. இருமலுக்கு இந்த உபசாரம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வரை கேட்கும் அளவுக்கு வளர்ந்தது.

ஏகநாதன் எக்ஸ்ரே எடுத்தார். நுரையீரல் சுத்தம். அந்தச் சந்தோஷத்தில், அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டார் உட்காருவதற்கு முன்பே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நல்லா பாருங்க, எனக்கு ஒண்ணுமே இல்ல!"

கேட்காமலே எக்ஸ்ரே காட்டுகிற வீட்டில் யார் சம்பந்தம் பண்ணுவார்கள்? இந்தத் தடவை பஜ்ஜி அடுப்பை விட்டே இறங்கவில்லை.

கடைசியில் டாக்டர் சுவிசேஷமுத்துவிடம் போனார். அவரோ இருமலை விட்டுவிட்டுச் சாப்பாட்டை விசாரித்தார்.

"ராத்திரி எப்ப சாப்பிடுவீங்க?"

"பத்து மணிக்கு."

"எப்ப படுப்பீங்க?"

"பத்தேகாலுக்கு."

"அதான். வயித்துல இருக்கிற ஆசிட் மேல ஏறி தொண்டையைச் சீண்டுது. அதுதான் இருமல்."

"நெஞ்செரிச்சலே இல்லியே டாக்டர்?"

"எரியாமலும் ஏறும். காபி, காரம், எண்ணெய்ப் பலகாரம் எல்லாத்தையும் நிறுத்துங்க. ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடிங்க. கட்டில் தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழ செங்கல் வைங்க. மாத்திரை தரேன். ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருக்கணும்."

இருமலுக்குச் செங்கல் எழுதிக் கொடுக்கும் டாக்டரை நினைத்து ஏகநாதன் வீடு வரை சிரித்தார். மூன்றாவது வாரம் இருமல் பாதியானதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் வண்டலூரிலிருந்து துளசிங்கமும் மனைவி கிளியம்மாளும் மகனோடு வந்தார்கள். பையனின் போட்டோவை மகள் நாலு தடவை எடுத்துப் பார்த்தது ஏகநாதனுக்குத் தெரியும். இதையும் இருமிக் கெடுத்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? கூடத்துக் கட்டிலின் செங்கல் தெரியாதபடி விரிப்பைத் தரை வரை இழுத்துவிட்டிருந்தார்.

துளசிங்கம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வாயில் கைக்குட்டை. பஜ்ஜி வந்தது, வேண்டாமென்று தலையாட்டினார். காபி வந்தது, அதற்கும் தலையாட்டல்தான். பெண் வீட்டில் கை நனைக்கவில்லை என்றால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஏகநாதன் பஜ்ஜித் தட்டில் தானே கை வைத்தார்.

"நானும் சாப்புடறேன், கூடவே சாப்புடுங்க சார்," என்று நாலு பஜ்ஜியை விழுங்கி, காபியையும் மடமடவென்று குடித்துக் காட்டினார். துளசிங்கம் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தொடவில்லை. ஐந்தாவது பஜ்ஜி கை தவறிக் கீழே விழ, ஏகநாதன் குனிந்தார்.

குனிந்ததுதான் தாமதம், ஆறு மாத இருமலும் ஒன்றாகக் கிளம்பி வந்தது. பிடிமானத்துக்குக் கட்டில் விரிப்பைப் பற்றினார். அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. செங்கல் எல்லோர் கண்ணிலும் பட்டது.

தையல்நாயகி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டிபி இல்லீங்க... ஆசிட்டு... சத்தியமா..." என்று இருமலுக்கு நடுவே கெஞ்சிய ஏகநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிளியம்மாள் எழுந்தாள். கிளம்புகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கட்டிலருகே போய்க் குனிந்து பார்த்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, இவருக்குக் கட்டில் காலுக்கு ஒரு கல்லுதான் கீது, உங்களுக்கு ரெண்டு, கைக்குட்டையை எடுத்துட்டு நல்லா இருமுங்க, சம்பந்தி வூடுதானே!"