ஜோடி மாத்திரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு தெருவே "நானும் இருந்தேன்" என்று சத்தியம் செய்தது. வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. வலது பாதத்தில் கட்டோடு சாய்வு நாற்காலியில் அவர் தங்கை. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்துச் சோதிக்கும் அவர் மருமகள். தன் இருமலுக்கு ஜோடி தேடி வந்த முனைக்கடைத் தையல்காரர். நடுநாயகமாக, மெத்தை போட்ட ஆசனத்தில், மாத்திரைகளுக்குப் பொருத்தம் பார்க்கும் ஊசலார். ஐந்தே பேர். மற்ற எல்லாரும் வாசலில் நின்றார்கள்.

வாசல் கூட்டம் மதில் வரைக்கும் நெளிந்தது. ஆளுக்கொரு மாத்திரை அட்டையைக் கோயில் சீட்டுபோல நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். ஊசலாரின் தத்துவம் அப்படி. ஒற்றை மாத்திரை ஒண்டிக்கட்டை. கிருமியோடு மல்லுக்கட்ட அதற்குத் துணை வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையின் அருகில் இன்னொன்றை வைத்து, நூலில் கட்டிய பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு வட்டமடித்தால் ஜோடி சேர்ந்தது. நேர்கோட்டில் ஆடினால் சேரவில்லை. அந்த இன்னொரு மாத்திரை எங்கே கிடைக்கும்? அவரிடம்தான். வேறெங்கே!

அவர் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டியும் எப்போதும் இருக்கும். உடம்பு தேறியதும் மிச்ச மாத்திரைகளை அதில் போட்டுவிட வேண்டும். போட்டால் நோய் திரும்பாதாம். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் முதலில் திரும்புவதே நோய்தான். அது கிருமிக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஆசனம் போட்டவர் வீட்டுக்காரரேதான். முப்பத்தாறு வருஷம் பச்சைக்கொடி காட்டியவர். காட்டிய கொடியை ஒருநாளும் திரும்ப வாங்கியதில்லை. "எங்க குடும்பத்துல தராதரம் பார்க்காம யாரையும் உள்ளே விட்டதில்லை" என்று தெருவுக்கே உத்தரவாதம் கொடுத்திருந்தார். தங்கையின் மருந்தோடு ஜோடி சேர்த்ததை டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை. டாக்டருக்கு எதற்கு ரகசியம்!

ஆனால் ஆறிக்கொண்டிருந்த புண், ஜோடி சேர்ந்த வாரமே மறுபடி சீழ் வைத்தது. வியாழனுக்குள் ஆறத் தொடங்காவிட்டால் பாதத்தைக் கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார்.

"மாமா, அத்தை சாப்பிடற ரெண்டாவது மாத்திரையை இன்னிக்கே நிறுத்தணும்" என்றாள் மருமகள்.

"ஜோடியைப் பிரிக்கறதா?" ஊசலார் கண்ணை மூடினார். "பாவம் சேரும் தாயே."

"சேரட்டும். அதுக்கு முன்னாடி இந்த மூணு உறையைப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜோடி. எது சேரும், எது சேராதுன்னு சொல்லுங்க போதும்."

வாசலில் நூறு கழுத்து நீண்டது. ஊசலாருக்கு வேறு வழியில்லை. முதல் உறைக்கு மேல் குண்டு நேர்கோட்டில் ஆடியது. "விரோதம்." இரண்டாவதற்கு வட்டமடித்தது. "ஆகா! ஏழு ஜென்மத்துப் பந்தம்!" மூன்றாவதற்கும் வட்டம். "உத்தமமான ஜோடி." வீட்டுக்காரர் மூன்றையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

மருமகள் உறைகளைப் பிரித்தாள். முதலாவதில் தங்கையின் இரண்டு மாத்திரைகள். மூன்றாவதிலும் அதே இரண்டு.

"இது நீங்களே சேர்த்து வெச்ச ஜோடி ஐயா. முதல் உறையில விவாகரத்து, மூணாவதுல மறுகல்யாணமா?"

"அந்த ஏழு ஜென்மம் யாரும்மா?" என்று எட்டிப் பார்த்த தையல்காரர் அலறினார். "அடப்பாவி! ரெண்டும் என் கடைப் பொத்தான்! நேத்து நீ வாங்கிட்டுப் போனதுதானேம்மா?"

"மாத்திரையிலேர்ந்து குண்டுக்கு வர்ற அலையை உறை தடுக்குது" என்றார் ஊசலார்.

"போன மாசம் எனக்கு போன்லயே பொருத்தம் பார்த்தீரே, அப்போ ஊரே குறுக்க இருந்துச்சே!" தையல்காரருக்கு இருமலே நின்றுபோயிற்று.

மருமகள் ஒரு படத்தை மாமனாரிடம் நீட்டினாள். "கிருமி வளர்க்கற தட்டை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது மாமா, அதான் படம். அத்தை புண்ணுல எடுத்த கிருமியைத் தட்டு முழுக்க வளர்த்தோம். இந்தக் காகித வில்லையில டாக்டர் குடுத்த மருந்து. சுத்தி கிருமி அழிஞ்சிருக்கா?"

"வட்டமா அழிஞ்சிருக்கு. ஆனா ஒரு பக்கம் கத்தியால வெட்டின மாதிரி நேரா இருக்கே?"

"அந்தப் பக்கத்துலதான் ஜோடி மருந்தோட வில்லை. அதை ஒட்டியே கிருமி செழிப்பா வளர்ந்திருக்கு பாருங்க. அது கொல்லவும் இல்லை, சும்மாவும் இருக்கலை. கிருமிக்குள்ள தூங்கின எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பி, டாக்டர் மருந்தையும் தடுக்க வெச்சிடுச்சு."

"ஓகோ!" என்றாள் தங்கை. "நான் மருந்து சாப்பிடறேன்னு நெனச்சேன். கிருமிக்கு ட்யூஷன் வெச்சிருக்கேன். அப்போ ரெண்டு மருந்தைச் சேர்க்கவே கூடாதாம்மா?"

"தாராளமா சேர்க்கலாம் அத்தை. சில ஜோடி தோள் குடுக்கும், சில ஜோடி காலை வாரும். எது எப்படின்னு கிருமிகிட்டதான் கேக்கணும். குண்டுகிட்ட இல்லை. டாக்டர்கிட்ட காட்டிட்டேன், மருந்தையே மாத்தறார்."

"அந்த ஜோடி மாத்திரை மலைநாட்டுச் சித்தர்கள் அனுப்பினது!" என்று ஊசலார் கடைசி அம்பை எய்தார்.

வீட்டுக்காரர் தங்கை மடியிலிருந்த ஜோடி அட்டையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தது: 'இரவு, உணவுக்குப் பின்.' அவருடைய சொந்தக் கையெழுத்து. போன மாதம் தொண்டை வலிக்கு வாங்கி, வலி போனதும் மிச்சத்தை அவரே தகரப்பெட்டியில் போட்டிருந்தார்.

"ஊசலாரே," என்றார் மெதுவாக. "எந்த மலைங்க இது? என் கையெழுத்து அங்கே எப்படி விளைஞ்சுது?"

ஊசலார் நூலைக் குண்டில் சுற்றத் தொடங்கினார். தங்கை அண்ணன் கையைப் பிடித்தாள். "விடுங்கண்ணா. வெளியே தெரிஞ்சா நம்ம குடும்ப மானம் போயிடும்."

"மானத்தைத் திரும்பச் சம்பாதிச்சுக்கலாம்மா. கால் போனா முளைக்காது."

தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நின்றார்.

"இவரை உள்ளே விட்டது நான். ஏமாந்ததும் நான். என் மிச்ச மாத்திரையை என் தங்கச்சிக்கே வித்திருக்கார். உங்க வீட்டு மிச்சம் யார் வயித்துல இருக்கோ! டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மருந்தை முழுசாச் சாப்பிடுங்க. தலைன்னு ஒண்ணு எல்லாருக்கும் இருக்கு. உபயோகிச்சா தேயாது."

கூட்டத்தில் ஒருவர் பரிதாபமாகச் சொன்னார்: "பாவம், இவங்க குடும்பத்துக்கு அலை ஒத்துக்கலை." அதற்குள் ஊசலார் கொல்லைப்புறமாக நழுவியிருந்தார்.

ஒரு மாதம் ஆயிற்று. தங்கைக்குக் காலை எடுத்துவிட்டார்கள், ஜோடியைப் பிரித்த பாவம்தான் காரணம் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. காலை எடுக்கவில்லை. மாற்றிக் கொடுத்த மருந்தைக் கடைசி மாத்திரை வரை சாப்பிட்டாள், புண் ஆறிவிட்டது. இரண்டு காலும் இருக்கின்றன.