இடது மடிப்பு மேலே

"என் வீட்டுக்காரரை எப்பம்மா சாகடிச்சே?" என்றார் ஃபுசா அம்மா.

சயோகோ கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை. மரக்கட்டையில் செதுக்கி எடுத்த அச்சு. அதில் அம்மாவின் கணவர், பொதுக் குளியலக உரிமையாளர் குமாகி, புருவத்திலிருந்து தாடை வரை அப்படியே இருந்தார். கிமோனோவில் மட்டும் வலது மடிப்பு மேலே வந்திருந்தது. சவத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

படத்தைக் கட்டையில் நேராக வரைந்துவிட்டாள். அச்சில் இடம் வலம் மாறும் என்று கலைக் கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.

"சரி பண்ணிடுறேன்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே."

அது குமாகி வைத்த கெடு. அதற்குள் தன் உருவத்தைத் தனக்குப் பிடிக்கிற மாதிரி செய்து காட்டினால், கொதிகலனை ஒட்டிய கொட்டகையைப் படிப்பு முடியும்வரை அவள் பட்டறையாக வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சனிக்கிழமை காலி செய்ய வேண்டும். மை நாற்றத்தையும் சுத்தியல் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளும் வேறொரு இடம் கனசாவா நகரில் அவளுக்குக் கிடைக்கவில்லை. கொட்டகை போனால் இறுதியாண்டுப் படைப்பும் போகும்.

மெல்லிய தாளில் அச்சிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மடிப்பு சரியாகிவிட்டது. ஆனால் மை அந்தப் பக்கம் பாதிதான் ஊறியிருந்தது.

குமாகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நேத்து பொணமா இருந்தேன். இன்னிக்கு ஆவியாயிட்டேன். முன்னேற்றம்தான்."

கட்டையிலேயே மடிப்பை மாற்றிச் செதுக்கினாள். உளி வழுக்கியது. கட்டை சரியாகக் கழுத்துக்குக் குறுக்கே பிளந்தது.

"தலையையும் வெட்டிட்டியா?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா. இன்னும் நாள் இருக்கு."

"உனக்கு இருக்கு. நீ போற வேகத்துல எனக்கு இருக்குமான்னுதான் பயமா இருக்கு."

சயோகோ உளியைக் கீழே வைத்தாள். கட்டுக் கம்பியும் குறடும் எடுத்தாள். கம்பியில் இடம் வலம் மாறும் தொல்லை இல்லை. கண்ணால் பார்த்ததை அப்படியே வளைத்தால் போதும். விரல்களில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வளைத்தாள். வியாழன் மாலை, தட்டையான மார்பளவு உருவமாகக் குமாகி ஒரு பலகைமேல் நின்றார். இடது மடிப்பு மேலே. அதைத் தெரு பார்த்த ஜன்னலில் வைத்தாள்.

குமாகி உள்ளேயும் வெளியேயும் போய்ப் போய்ப் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் வார விடுமுறை. திறந்திருக்கும் நாளில் குளியலக வாசலில் தொங்கும் திரை இல்லை. சயோகோ வந்தபோது, தோஃபு கடைக்கார மியாகே அக்கா கறுப்பு உடையில் ஜன்னல் முன்னால் கைகூப்பி நின்றிருந்தார்.

சயோகோ நிமிர்ந்து பார்த்தாள். வலது மடிப்பு மேலே.

கம்பி உருவத்துக்கு முதுகு கிடையாது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே முகம்தான். மடிப்பு மட்டும் மாறிவிடும். அவசரத்தில் பின்பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி வைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"அக்கா, அவர் சாகலை! உள்ளேதான் இருக்கார்!"

"எங்க எல்லார் மனசுக்குள்ளேயும்தான்மா இருக்கார்."

சயோகோ உள்ளே ஓடினாள். உருவத்தைத் திருப்பப் பார்த்தாள். பலகை அசையவே இல்லை. வெளியே ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கைக்குக் கிடைத்த வெள்ளைத் துண்டை உருவத்தின் முகத்தில் போட்டு மறைத்தாள். போட்ட பிறகுதான் உறைத்தது, இறந்தவர் முகத்தைத்தான் அப்படி வெள்ளைத் துணியால் மூடுவார்கள் என்று.

"ஐயோ, முகத்தை மூடிட்டாங்களே!" என்று மியாகே அக்கா வாய்விட்டு அழுதார்.

"நல்ல மனுஷன்" என்றார் சலூன்காரர்.

"தண்ணி சூடு பத்தலைன்னா, 'அப்ப வீட்டுல போய்க் குளி'ம்பார்" என்றார் நூடுல்ஸ் கடைக்காரர்.

"அதையும் நல்ல மனசோடதான்யா சொல்வார்."

சயோகோ கொட்டகைக்குப் போய் உளிகளைத் துணியில் சுற்றிக் கட்டினாள். தப்பு செய்தவள் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும். சமையலறைக்குச் சென்று, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"அம்மா, உருவத்தைத் தப்பான பக்கம் வெச்சிட்டேன். இன்னிக்கே காலி பண்ணிடுறேன். முதல்ல ஐயாவை வாசலுக்கு வரச் சொல்லுங்க. அவர் உயிரோட இருக்கிறதை எல்லாரும் பார்க்கட்டும்."

ஃபுசா அம்மா முள்ளங்கி துருவுவதை நிறுத்தவில்லை.

"நீ சரியாத்தான்மா வெச்சிருந்தே, கொட்டகையும் உனக்குத்தான்னு சொல்லிட்டார், காலையில அவரே அதைத் திருப்பி வெச்சு ஆணியடிச்சிட்டு, யார் யார் அழறாங்கன்னு கதவிடுக்குல உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கார், மீன்கடைக்காரர் இன்னும் வரலையாம், அதுக்குள்ள நீ போய் அவரைப் பிழைக்க வெச்சிடாதே!"