ஆலிவ் பீப்பாயின் பளிங்குக் கால்

மதிப்புக்குரிய நாத்தனார் எவ்தோக்கியாவுக்கு, உன் அண்ணி கலியோப்பி எழுதுவது. இங்கே என் முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகத்தை முப்பத்தெட்டு வருடமாக விசாரிக்கவில்லை. மொத்தமாகச் சேர்த்து இப்போது விசாரிக்கிறேன்.

நேற்று பேத்தி மிர்சீனி என்னை மேட்டிலுள்ள பழைய நகரத்துக்கு இழுத்துப் போனாள். உடைந்த தூண், கூரையில்லாக் கோயில், மண்டையைப் பிளக்கும் வெயில். நம் ஆடுகள் மேய்ந்தபோது இருந்த அதே கற்கள்தான், இப்போது சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கடைசியில் காட்சிக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன் எவ்தோக்கியா, என் கால்! உப்புத்தண்ணியில் ஊறுகிற ஆலிவ் மிதக்காமலிருக்க, பீப்பாயில் அமுக்கி வைக்கச் சொல்லி உன் அம்மா எனக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்த, ஏதோ பழைய சிலையின் பளிங்குக் கால். சுண்டுவிரல் மூளி, என் பிள்ளை லாம்ப்ரோஸ் பிறந்த அன்று வலியில் நான் கீழே போட்டது. கண்ணாடியைத் தட்டினேன், காவலர் ஓடி வந்தார். "பாட்டி, தொடாதீங்க! இது சாமி கால். கணுக்கால் வரைக்கும் கறை இருக்கு பாருங்க, அந்தக் காலத்துப் பூசையோட அடையாளம்னு படிச்சவங்க எழுதியிருக்காங்க." "அடப் போய்யா, அது என் உப்புத்தண்ணி!" என்றேன்.

அப்போதுதான் உறைத்தது. கால் காணாமல் போன அந்த வருடம், பழைய நகரத்தைத் தோண்ட வந்தவர்கள் நம் முற்றத்தில்தான் தண்ணீர் குடித்தார்கள். அவர்கள் தூக்கிப் போயிருக்கிறார்கள், நான் உன்னைத் திருடி என்றேன், மாதா கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால். "மாதா மேல சத்தியமா, என் வீட்ல இல்ல அண்ணி"ன்னு நீ அழுதாய். அதற்கப்புறமும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என் வாசலில் சிவப்பு முட்டை வைத்தாய். நான் உடைத்துக் கோழிக்குப் போட்டேன். லாம்ப்ரோசுக்குக் காய்ச்சல் கண்டபோது பனியில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதும் நீதான். மறந்துட்டேன்னு நினைக்காதே, எனக்கு எதுவும் மறக்காது, அதுதான் என் வியாதி. மாதக் கடைசியில் மகனோடு ஜெர்மனிக்கே போய்விடுகிறாயாம். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும். என்னை மன்னிச்சிடு. முட்டைக்கும் பிள்ளைக்கும் நன்றி.

வழியெல்லாம் மாதா உன் கூடவே வரட்டும்.

கலியோப்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, மிர்சீனி கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, பெட்டிக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை வாசித்தாள். அன்பளித்தவர் எவ்தோக்கியாவாம், முழுப்பெயர், ஊர்ப்பெயரோடு! உன் வீட்ல இல்லன்னுதானே சத்தியம் பண்ணினே, கெட்டிக்காரி. கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். நன்றியை எடுக்க மனம் வரவில்லை, அது கிடக்கட்டும். சண்டையைப் பாதியில் விட்டு ஜெர்மனிக்குப் போவது என்ன நியாயம்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து சேர். காபி போட்டு வைக்கிறேன். திட்டுவதற்கு நிறைய இருக்கிறது.