மச்சான் வயிற்றில் சிக்னல்

சம்பந்தத்தின் வாயில் ‘கறுக்’கென்று சத்தம் கேட்டதும் வடிவேலு அடுப்படிக்கு ஓடி வந்தான்.

“டேய் மச்சான், இன்னாடா துன்ற?”

“அடுப்பு மேடையில இருந்த அப்பளம், மாமா.”

மேடை காலி. நேற்று அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்த வில்லையைக் காணோம். எறால் ஓட்டிலும் அரிசி மாவிலும் செய்த, பேட்டரியே இல்லாத வில்லை. போனை அருகில் கொண்டுபோனால் உயிர் வந்து தண்ணீரின் சூட்டையும் உப்பையும் சொல்லும். காலம் முடிந்தால் உப்பு ஏரியிலேயே கரைந்துவிடும். அதை வலையில் கட்டி, வேலை செய்வதைக் காட்டினால், அதைக் கொடுத்த கம்பெனி புது வலையும் தரும். வடிவேலுவின் பழைய வலையில் ஓட்டைகளுக்கு நடுவேதான் கொஞ்சம் வலை இருந்தது.

பெண்டாட்டியைக் கேட்கலாமென்றால், எல்லம்மா மீன் கூடையோடு திருப்பாலைவனம் போயிருந்தாள்.

வடிவேலு போனில் கம்பெனி ஆப்பைத் திறந்து மச்சான் வயிற்றில் வைத்தான். ‘டிங்!’

“போச்சு! வில்லைய முழுங்கிட்டடா!”

“ஐயோ, செத்துடுவேனா மாமா?”

“அரிசி மாவுதான்டா. செரிச்சுத் தொலைச்சிடுவியோனுதான் பயம்!”

அதற்குள் கம்பெனிப் பெண் திவ்யா வந்து இறங்கிவிட்டாள். வேறு வழி? மச்சான் கையில் வலையைக் கொடுத்து, படகுத்துறையை ஒட்டி ஏரியில் மார்பளவு தண்ணீரில் நிற்க வைத்தான்.

“வில்லை எங்கண்ணே?”

“வலையிலதாம்மா. மச்சான் புடிச்சினு நிக்கிறான் பாரு.” போனை நீட்டினான். ‘டிங்!’

திவ்யா எட்டிப் பார்த்தாள். “சூடு முப்பத்தாறு. உப்பு... சுத்தமா இல்லையே!”

வடிவேலு துறையிலிருந்து குனிந்து மச்சான் காதில் கிசுகிசுத்தான். “ஏரித் தண்ணிய குடிடா!”

சம்பந்தம் குடித்தான். உப்பு ஏறவில்லை. இன்னும் குடித்தான். ஏப்பம்தான் வந்தது.

திவ்யா பதறினாள். “கடல் தண்ணி உள்ள வர்ற முகத்துவாரம் அடைச்சிடுச்சாண்ணே? மீனெல்லாம் செத்துடுமே! உடனே ஆபீசுக்குச் சொல்லணும்!”

“இரும்மா, இரு! மச்சான், புது வலைக்காக இன்னும் ஒரு வாய்டா!”

“இதுக்கு மேல குடிச்சா கருவாடாயிடுவேன் மாமா!”

பஸ்ஸை விட்டு இறங்கிய எல்லம்மா காலிக் கூடையோடு ஓடி வந்தாள். “என் தம்பிய இன்னாய்யா பண்ற?”

வடிவேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. “உன் தம்பி வில்லைய துன்னுட்டான்டி! புது வலை போச்சு!”

எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அவன் துன்னது அப்பளம்யா! நீ எங்கயாவது தொலைச்சிடுவேனு, வில்லைய நேத்தே உன் போன் உறைக்குள்ள சொருகி வச்சேன்!”