கொறக்காப் புளியும் பலசரக்கு வாத்தியாரும்

கண்டிக் கடைத்தெருவில் சாமான் வாங்கப் போனவர்களைச் சமையல் பாடம் கேட்காமல் வீடு திரும்ப விடாத ஒரே மனிதர், அங்கே கடை வைத்திருந்த எங்கள் பலசரக்கு வாத்தியார்தான். சொந்தப் பெயர் அவருக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது.

இலங்கை மலைகளில் தேயிலை வருவதற்கு முந்தைய கோப்பிக் காலம் அது. நான் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவரிடம் மல்லி கேட்டால், "என்ன கறிக்கு? எத்தன பேருக்கு?" என்பார். "இந்த ஊர்க் கறிக்குத் தூளக் கறுக்க வறுக்கணுங்க. நம்ம ஊரு வறுவல் தேங்காப்பால்ல காணாமப் போயிரும்" என்று தொடங்கினால், நம் வண்டி மாடு பக்கத்துக் கடை வாழைத்தாரைத் தின்று முடிக்கும்வரை ஓயமாட்டார். மிளகு வாங்க வந்த வெள்ளைக்காரத் துரையையும் அரைமணி நேரம் நிறுத்திவைத்தார். துரைக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் கடையில் ஒருவர் வாங்கிப்போன, கட்டைபோல் காய்ந்த மாசிக் கருவாட்டை, இந்தியாவிலிருந்து புதிதாக வந்த அந்த ஆளின் மனைவி விறகென்று அடுப்பில் செருகிவிட்டாள். அதிலிருந்து மாசியைப் பலகையில் ஓங்கித் தட்டி, "நல்லாப் பாருங்க! இது வெறகில்ல, மீனு!" என்று கத்திவிட்டுத்தான் கொடுப்பார்.

என் மனைவி வள்ளியம்மையும் அப்போது ஊரிலிருந்து வந்த புதிது. இந்த ஊரில் புளிப்புக்குப் போடும் கறுத்துக் காய்ந்த பழத்துண்டுதான் கொறக்காப் புளி. நான் வாங்கிக் கொடுத்த அதை, ஊர்ப் புளி மாதிரியே ஊறவைத்துப் பிசைந்தாள். கரைந்தால்தானே! ஆத்திரத்தில் கைப்பிடி முழுவதையும் குழம்பில் போட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. பிறகு காய்ச்சல் வந்து படுத்தாள். காய்ச்சல் விட்டும் ஐந்து நாள் சோறு இறங்கவில்லை.

"ஊர்ப் புளியில ஒரு வாய் ரசம் வேணும். இல்லாட்டி என்னைய ஊருக்கே அனுப்பிருங்க" என்று அழுதாள். எழுந்து நிற்க முடியாதவள் எந்த ஊருக்கு நடப்பாள்?

கண்டிக்கு ஓடினேன். மழையில் வண்டிகள் வராமல் கடைத்தெருவில் ஊர்ப் புளி ஒரு கொட்டைகூட இல்லை. விஷயத்தைக் கேட்டதும் வாத்தியார் கடையைச் சாத்தினார். பட்டப்பகலில்! தெருவே வேடிக்கை பார்த்தது. "வாங்க கணக்கப்பிள்ள, போவோம்" என்று ஒரு முடிச்சோடு மலையேறினார். பொழுது சாயும்போது என் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

ஒரே ஒரு துண்டு கொறக்காவைக் கழுவிக் கொதிக்கவிட்டு, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, புளிப்பு இறங்கியதும் துண்டை எடுத்துவிட்டார். "இதப் பிசையக்கூடாது தாயி. அது பாட்டுக்குக் கொதிக்கட்டும், குடுக்கவேண்டியதக் குடுத்துரும்."

வள்ளியம்மை ஒரு வாய் குடித்தாள். "நம்ம ஊரு ரசம் மாதிரி இல்ல" என்றாள். வாத்தியாரின் முகம் செத்துப்போனது.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கண்ணே."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சாப்பிடாமல் படுத்துவிட்டால், அந்த மனிதர் வந்து நிற்க மாட்டாரா என்று என் கண் வாசலுக்குப் போகிறது.